கனவு இல்லமா, பிரதமர் வீடா?

திசையன்விளைப் பக்கம் பனையோலைக் குடிசையில் இருக்கும் சித்தி கேட்டாள்: “ஏல, வீடு கட்ட எந்தத் திட்டத்துக்கு எழுதிப் போட?”

கலைஞர் கனவு இல்லம் என்றேன். தமிழக அரசின் வீட்டுத் திட்டம்; 2024-25 மாநில பட்ஜெட்டில் வந்தது, வீட்டுக்கு 3.5 லட்சம், 360 சதுர அடி. 300 அடிக்கு கான்கிரீட் கூரை, மீதி 60 அடிக்கு ஓடு வேய்ந்துகொள்ளலாம். விறகும் அம்மியும் நனையாமல் இருக்க அந்த அறுபதே போதும் என்கிறாள் சித்தி.

பிரதமரின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் அடிப்படைத் தொகை 1.2 லட்சம்தான், அதிலும் 40 சதவீதம் மாநிலத்தின் பங்கு. கூரைக்கென்று தமிழக அரசு தனியாகச் சேர்த்துக் கொடுத்தும் 3.5 லட்சத்தை எட்டவில்லை. ஊரக வேலைத் திட்டக் கூலி கொஞ்சம் கைகொடுக்கும்.

சரி, கனவு இல்லத்துக்குப் பட்டா வேண்டுமே? அது இன்னும் தாத்தா பேரில் இருக்கிறது.