பழைய நீச்சல் குளத்தோடு வீடு வாங்கியவர்கள் கவனத்துக்கு

ஈசிஆர் பக்கம் பழைய வீடு வாங்கி, பின்னால் பாசி பிடித்துக் கிடக்கும் நீச்சல் குளத்தைச் சரிசெய்ய ஆள் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் குளத்தைப் புதுப்பித்துப் பராமரிக்க ஒப்பந்தம் எடுத்த நிறுவனம், அந்த ஆண்டு மழைக்காலம் முடிவதற்குள் குளத்தின் தரையையே உடைத்துவிட்டுப் போய்விட்டது. நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. என்ன செய்தார்கள் என்பதை மட்டும் விவரமாக எழுதுகிறேன்.

இஞ்சம்பாக்கத்தில் நாங்கள் வாங்கிய வீட்டின் முந்தைய உரிமையாளர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். பல வருடம் மோட்டார் ஓடாத குளம். தண்ணீர் கரும்பச்சையாக இருந்தது, தவளைகள் குடியிருந்தன. நாங்கள் குடிவந்த வாரமே மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர் வந்து பார்த்து, மருந்து தெளித்துவிட்டு, "சீக்கிரம் சுத்தம் பண்ணிடுங்க மேடம், இல்லன்னா நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது நியாயம்தான். தேங்கிய தண்ணீர் என்றால் டெங்கு பயம் இருக்கத்தான் செய்யும். அப்படித்தான் 2024 ஜூனில் இந்த நிறுவனத்துக்கு வேலையைக் கொடுத்தோம்: குளத்தைக் காலி செய்து ஆசிட் வாஷ், ஃபில்டர் மணல் மாற்றுவது, பம்ப் சர்வீஸ், தண்ணீர் நிரப்புவது, அதற்குப் பிறகு மாதாந்திரப் பராமரிப்பு.

முதல் ஏமாற்று கொட்டேஷனிலேயே இருந்தது. எங்கள் குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். ஆழம் ஒரு முனையில் 1 மீட்டர், மறுமுனையில் 1.6 மீட்டர், சராசரி 1.3. மூன்றையும் பெருக்கினால் 41.6 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 42,000 லிட்டர். அவர்கள் காகிதத்தில் போட்டிருந்தது 80,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஏழு வந்ததாகத் தண்ணீருக்கு பில் வந்தது. எங்கள் வாட்ச்மேன் கேட்டில் வண்டி எண் குறித்துவைக்கும் பழக்கம் உள்ளவர். அவர் நோட்டில் இருந்தது நான்கு லாரிதான். கேட்டதற்கு, "பைப்பு, ஃபில்டர் எல்லாம் சேர்த்து மேடம்" என்றார் சூப்பர்வைசர். பைப்பும் ஃபில்டரும் சேர்ந்தால் சில நூறு லிட்டர் பிடிக்கும், அவ்வளவுதான். மூன்று லாரிக் காசைத் திருப்பி வாங்கினோம், ஆனால் அந்த 80,000 என்ற எண் அவர்கள் கணக்கில் அப்படியே நின்றுவிட்டது. அதன் பிறகு போட்ட மருந்து எல்லாம் அந்தக் கணக்குப்படி, தேவையைப் போல இரண்டு மடங்கு. குளத்தின் கொள்ளளவை நீங்களே டேப் பிடித்து அளந்து, ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள்.

அந்த மருந்து என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் ஆரம்பம் அதுதான். கடையில் டிசிசிஏ 90 என்று விற்கும் வெள்ளை மாத்திரை. மெதுவாகக் கரையும், விலை கட்டுப்படியாகும், மிதவையில் போட்டுவிட்டுப் போனால் ஆள் தினமும் வர வேண்டாம். அதனாலேயே பராமரிப்புக்காரர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனால் மாத்திரை கரையும்போது குளோரினோடு சயனூரிக் அமிலமும் தண்ணீரில் இறங்குகிறது. இதைத் தொழிலில் ஸ்டெபிலைசர் என்பார்கள். ஓரளவு அது தேவை. அது சுத்தமாக இல்லாவிட்டால் சென்னை வெயிலில் குளோரின் சில மணி நேரத்தில் காணாமல் போய்விடும். 30 முதல் 50 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) வரை இருந்தால் நல்லது. ஆனால் மாத்திரை வழியாக 10 பிபிஎம் குளோரின் சேர்த்தால் கூடவே 6 பிபிஎம் சயனூரிக் அமிலமும் சேர்ந்துவிடும். குளோரின் செலவாகிவிடும், இது அப்படியே தங்கிவிடும். ஆவியாகாது, வழக்கமான மணல் ஃபில்டரிலும் நிற்காது. நாளாக ஆக ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் குளோரினைக் கட்டிப்போட்டுவிடும். பரிசோதனையில் குளோரின் இருப்பதாகக் காட்டும், ஆனால் பாசியைக் கொல்லாது.

எங்களுக்கு நடந்தது அதேதான். ஜூலையில் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. செப்டம்பரில் மங்கல், அப்புறம் ஓரங்களில் வழவழப்பு, அப்புறம் பச்சை. ஒவ்வொரு முறையும் புதுசாக ஒரு பில்: பாசி மருந்து, ஷாக் (ஒரேயடியாக நிறையக் குளோரின் போடுவது), கிளாரிஃபையர் (கலங்கலைத் தெளிய வைக்கும் மருந்து). பாசி மருந்தில் தாமிரம் இருந்திருக்க வேண்டும், படிக்கட்டு ஓரமெல்லாம் நீலப் பச்சைக் கறை. எதைப் போட்டாலும் ஒரு வாரம் தாங்கும், மறுபடி பச்சை. இத்தனைக்கும் ஒருதடவைகூட யாரும் தண்ணீரைப் பரிசோதித்து நான் பார்த்ததில்லை.

அக்டோபரில் நானே ஒரு பரிசோதனை கிட் வாங்கினேன். கலர் பார்த்து ஒப்பிடும் பட்டை வேண்டாம், சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் கிட் வாங்குங்கள், காசுக்குத் தகும். சயனூரிக் அமிலம் பார்க்கும் முறை எளிமையானது. குளத்துத் தண்ணீரையும் கிட்டில் உள்ள திரவத்தையும் சமமாகக் கலந்தால் கலவை பால் போல ஆகும். அடியில் கறுப்புப் புள்ளி வைத்த குழாயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மேலிருந்து பார்க்க வேண்டும். புள்ளி எந்த உயரத்தில் மறைகிறதோ அதுதான் அளவு. எவ்வளவு சீக்கிரம் மறைகிறதோ அவ்வளவு அதிகம். எங்கள் தண்ணீரில் குழாயின் அடி கொஞ்சம் நிறைவதற்குள்ளேயே புள்ளி மறைந்துவிட்டது. குழாயில் குறித்திருந்த உச்ச அளவான 100-ஐத் தாண்டிவிட்டது என்று பொருள். பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து மறுபடி பார்த்தேன், 80 காட்டியது. அப்படியானால் குளத்தில் 160.

படம் எடுத்து சூப்பர்வைசருக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது: "எம்ப்டி பண்ணி ஃப்ரெஷ் வாட்டர் ஃபில் பண்ணிடலாம் மேடம்." அதாவது, அவர்கள் போட்ட மாத்திரையால் கெட்ட தண்ணீரை வெளியேற்றி, மறுபடி லாரித் தண்ணீர் வாங்கி, மறுபடி ஆசிட் வாஷ் செய்து, மறுபடி பில்.

பக்கத்து வீட்டில் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் என்னைத் தன் வீட்டுக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். "பாரும்மா, கையை நீட்டினா தண்ணி. இப்போ போய் குளத்தைக் காலி பண்ணினா தரை மேல வந்துடும். பொங்கலுக்கு அப்புறம் பாத்துக்கோ, அதுவும் கிணத்தைப் பாத்துட்டு" என்றார். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலோர மணல் பகுதியில் நிலத்தடி நீர் சட்டென்று மேலே வந்துவிடும். அது குளத்தின் தரையைவிட 1 மீட்டர் உயரத்தில் நின்றால், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் கீழிருந்து 1 டன் அளவுக்கு மேலே தள்ளும். 20 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட்டின் எடை சதுர மீட்டருக்கு அரை டன்தான் தேறும். உள்ளே தண்ணீர் நிறைந்திருக்கும் வரை அந்த எடை தரையைப் பிடித்து வைத்திருக்கும். தண்ணீரை எடுத்துவிட்டால் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஜூனில் ஒன்றும் ஆகாமல் காலி செய்த அதே குளம் நவம்பரில் உடையும் என்பது இதனால்தான்.

அன்றைக்கே வாட்ஸ்அப்பில் தெளிவாக எழுதினேன்: மழை முடியும் வரை குளத்தைக் காலி செய்யக் கூடாது, மாத்திரையை நிறுத்திவிட்டுத் திரவக் குளோரின் மட்டும் போடுங்கள். "ஓகே மேடம்" என்று பதிலும் வந்தது.

நவம்பர் நடுவில், நான் அலுவலகத்தில் இருந்த நேரம், ஆட்கள் வந்து மோட்டார் போட்டு இறைக்க ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டில் அப்பா மட்டும். அவர் கேட்டதற்கு "மேடம்தான் பண்ணச் சொன்னாங்க சார்" என்றிருக்கிறார்கள். சாயங்காலம் ஆழமான முனையில் பட்பட்டென்று சத்தம் கேட்டிருக்கிறது. போய்ப் பார்த்தால் டைல்ஸ் வரிசையாக எழும்பி நிற்கிறது, நடுத்தரை மேடாகிவிட்டது, விரிசல் வழியாக மண் கலந்த தண்ணீர் உள்ளே ஊறுகிறது. வேலைக்கு வந்தவர்கள் மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அங்கிள்தான் ஓடி வந்து, தன் கிணற்றிலிருந்து ஹோஸ் போட்டுக் குளத்துக்குள் தண்ணீர் விடச் சொன்னார். அதனால்தான் மீதித் தரை பிழைத்தது. உங்களுக்கும் இப்படி ஆனால் முதலில் இறைப்பதை நிறுத்தி, எந்தத் தண்ணீராக இருந்தாலும் உடனே உள்ளே விடுங்கள்.

நிறுவனத்தின் பதில்: "பழைய குளம் மேடம், ஏற்கெனவே வீக்கா இருந்திருக்கும்."

அதற்குப் பிறகுதான் அவர்கள் பம்ப் அறையில் மாட்டிவைத்திருந்த பராமரிப்பு ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். தினமும் பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மை) 7.4, குளோரின் 2.0. மாதக்கணக்கில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஒரே பேனா, ஒரே சாய்வு. நவம்பர் 30 வரை முன்கூட்டியே நிரப்பி வைத்திருந்தார்கள். அன்றைக்கு ஃபெஞ்சல் புயல், மழையில் விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். குளத்தில் தண்ணீர் இறைத்துக் கிடந்த தேதிக்கும் குளோரின் 2.0 என்று எழுதியிருந்தது. மனுவோடு முதல் ஆவணமாக அந்தப் பக்கத்தைத்தான் வைத்திருக்கிறேன்.

வேறு ஒரு டெக்னீஷியனை வைத்து ஃபில்டரைத் திறந்தோம். 150 கிலோ புது மணலுக்கு பில் கொடுத்திருந்தேன். மேலே இரண்டு விரல் கனத்துக்கு வெள்ளை மணல் இருந்தது. அதைக் கையால் ஒதுக்கினால் கீழே பழுப்பு நிறத்தில் இறுகிப்போன பழைய மணல், எண்ணெய்ப் பசையோடு கட்டி கட்டியாக. அந்தக் கட்டிகளுக்கு இடையில் தண்ணீர் வழி பண்ணிக்கொண்டு வடிகட்டப்படாமலே ஓடியிருக்கிறது. அடியில் இருந்த சல்லடைக் குழாய்களில் ஒன்று உடைந்திருந்தது. குளத்தின் அடியில் அவ்வப்போது மணல் படிந்ததற்குக் காரணம் அதுதான். ஃபில்டரில் தண்ணீரின் அழுத்தத்தை 'பார்' என்ற அளவில் காட்டும் பிரஷர் கேஜ், பம்பை நிறுத்திய பிறகும் பூஜ்யத்துக்கு வராமல் 0.8-லேயே நின்றது. சுத்தமான ஃபில்டரின் அளவிலிருந்து அரை பார் ஏறினால் பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த் திசையில் விட்டு மணலைக் கழுவுவது) செய்ய வேண்டும் என்பார்கள். கேஜே செத்துக் கிடந்தால் எதை வைத்துப் பார்ப்பது? மணல் மாற்றும் அன்று கூடவே நில்லுங்கள். பழைய மணல் முழுவதும் வெளியே வந்து குவிந்ததையும், காலி மூட்டைகளையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தூக்கம் போன விஷயம் இதெல்லாம் இல்லை. எலெக்ட்ரீஷியன் பேனலைத் திறந்தபோது, குளத்து மின் இணைப்புக்கான ஆர்சிசிபியை (மின்சாரம் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் கருவி) பைபாஸ் செய்து நேரடியாகக் கொடுத்திருந்தது தெரிந்தது. அடிக்கடி டிரிப் ஆகிறது என்று அவர்கள் ஆள் ஒருநாள் "சரி பண்ணிட்டேன்" என்று சொன்னது இதைத்தான். மின்சாரம் கசிகிறது என்பதால்தானே டிரிப் ஆகிறது! அந்தத் தண்ணீரில் என் மகள் கோடை முடிந்தும் தினமும் இறங்கிக்கொண்டிருந்தாள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, நல்ல எர்த்திங், தண்ணீருக்குள் இருக்கும் விளக்குக்கு 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர். குளத்துக்காரர் சொல்வதை நம்பாமல், உங்களுக்குத் தெரிந்த லைசன்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்து இவற்றைப் பார்த்துவிடுங்கள். அப்படியே குளத்தின் அடியில் உள்ள வடிகால் மூடி உடையாமல் இறுக்கமாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பம்ப் இழுக்கும் விசையில் குழந்தைகளின் தலைமுடி சிக்கினால் மேலே வர முடியாது.

2025 கோடையில், கிணற்றில் தண்ணீர் நன்றாக இறங்கிய பிறகு, உடைந்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தரை போட்டோம். நிலத்தடி நீர் அழுத்தம் ஏறினால் தானாகத் திறந்து நீரை உள்ளே விடும் வால்வு ஒன்றையும் வடிகாலில் வைத்தோம். செலவு மூன்றரை லட்சத்தை நெருங்கியது. இப்போது திரவக் குளோரின்தான். வெயிலில் வைத்தால் அதன் வீரியம் போய்விடும் என்பதால் கொஞ்சமாக வாங்கி நிழலில் வைக்கிறோம். ஆசிட்டையும் அதையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் விஷவாயு. பிஎச் 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் இருக்கிறதா என்று நானே சொட்டு விட்டுப் பார்க்கிறேன்.

பணம் போனவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை நடந்து 2 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். 1915 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள், பில் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

இப்போது உங்கள் குளத்தில் யாராவது மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால், மழை தொடங்குவதற்கு முன்பே சயனூரிக் அமில அளவைப் பார்த்துவிடுங்கள். அதிகமாக இருந்தால் கிணற்று மட்டம் கீழே இருக்கும்போதே பாதித் தண்ணீரை மாற்றிக்கொள்ளலாம். மழைக்காலத்தில் யாராவது மோட்டாரோடு வந்தால், கேட்டிலேயே நிறுத்தி உங்களுக்குப் போன் செய்யச் சொல்லி வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லி வையுங்கள்.