116 மி.மீ. அகல ஸ்கீயும் பைண்டிங் கோடும்: ஹொக்கைடோ பவுடரில் சில பருவங்கள்

பவுடருக்கான (புதிதாக விழுந்த லேசான, ஆழமான பனிக்கான) அகல ஸ்கீ வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, பைண்டிங்கை, அதாவது பூட்ஸை ஸ்கீயில் பிடித்துவைக்கும் கருவியை, கம்பெனி போட்டிருக்கும் கோட்டிலேயே பொருத்துவதா, கொஞ்சம் முன்னால் தள்ளுவதா, பின்னால் இழுப்பதா என்பதைத்தான். என் பதில் இது: முதல் பருவத்தில் நிரந்தரமாக எங்கேயும் துளை போடாதீர்கள். நகர்த்தக்கூடிய டெமோ பைண்டிங்கை வைத்துக்கொண்டு, உங்கள் நிற்கும் முறை மாறி முடியும்வரை காத்திருங்கள். ஏனென்றால் அகல ஸ்கீ முதலில் உங்களைத்தான் மாற்றும். நீங்கள் மாறிக்கொண்டிருக்கும்போது எந்த இடம் சரி என்று கேட்டால் மாதத்துக்கு ஒரு பதில் வரும்.

நான் ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில், சப்போரோவில் இருக்கிறேன். வார நாட்களில் மாலையில் தெய்னே, வார இறுதியில் கிரோரோ, ருசுட்சு, நிசெக்கோ, எல்லாம் இங்குள்ள பனிச்சறுக்கு இடங்கள். 174 செ.மீ. உயரம், 75 கிலோ. இதற்கு முன்னால் வைத்திருந்தது 88 மி.மீ. நடு அகலமுள்ள 172 செ.மீ. ஸ்கீ. இப்போது பேசுவது 116 மி.மீ. நடு அகலம், முன்னும் பின்னும் நன்றாக வளைந்து எழும் ராக்கர், காலுக்கு அடியில் கொஞ்சம் கேம்பர் (தரையைத் தொடாமல் மேலே எழும் வளைவு), உள்ளே உலோகத் தகடு இல்லாத மரக்கட்டை ஸ்கீ. எந்தக் கம்பெனி என்பது இங்கே பெரிய விஷயமில்லை, இந்த வடிவத்தில் பலர் செய்கிறார்கள். அளவுகள்தான் முக்கியம்.

அளவு என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. புது ஸ்கீயின் மேல் 186 என்று அச்சாகியிருக்கிறது, ஆனால் வாலிலிருந்து நுனிக்கு டேப்பை நேராக இழுத்துப் பிடித்தால் 184தான். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வருவது சகஜம், அதனால் எல்லாக் கணக்கையும் டேப்பை வைத்தே போடுங்கள். 184இல் பாதி 92. கம்பெனியின் கோடு அந்த நடுப்புள்ளிக்கு 6 செ.மீ. பின்னால் இருக்கிறது. அப்படியென்றால் பூட்ஸின் நடுவுக்கு முன்னால் 98 செ.மீ. ஸ்கீ, பின்னால் 86. பழைய ஸ்கீயில் பாதி 86, கோடு நடுவிலிருந்து பத்தரை பின்னால், முன்னால் 96.5, பின்னால் 75.5. பார்த்தீர்களா? நீளம் 12 செ.மீ. கூடியிருக்கிறது, ஆனால் முன்பக்கம் ஒன்றரை செ.மீ.தான் கூடியது, மீதி பத்தரையும் வாலில். "புது ஸ்கீ ரொம்ப நீளம், திருப்பவே முடியவில்லை" என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் தொந்தரவு தருவது வால்தான். கடையில் நின்றுகொண்டு நுனியைப் பார்த்து நீளத்தைத் தீர்மானிப்பதில் பயனில்லை, இந்த இரண்டு எண்களையும் பழைய ஸ்கீயோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, பழகிய கதைக்கு வருகிறேன்.

முதலில் கெட்டியான பனி. தெய்னேயின் மேல்பகுதியில், 1972 ஒலிம்பிக்கின் ஸ்லாலம் போட்டிகள் நடந்த மலை அது, இரவு முழுக்க இயந்திரம் ஓடிச் சமப்படுத்திய காலைநேரச் சரிவில் இந்த ஸ்கீ எட்ஜில் (பனியை வெட்டிப் பிடிக்கும் ஓர விளிம்பில்) ஏற நேரம் எடுக்கும். காரணம் எளிமையானது. ஆல்பைன் பூட்ஸ் அடிப்பாகத்தின் முன்பக்க அகலம் சுமார் 69 மி.மீ. ஸ்கீயின் அகலம் 116 என்றால் எட்ஜ் பூட்ஸின் நடுக்கோட்டிலிருந்து 58 மி.மீ. தள்ளியிருக்கிறது, 88 மி.மீ. ஸ்கீயில் அது 44. கெட்டிப்பனி ஸ்கீயைத் தாங்குவது எட்ஜில்தான், அதனால் கால் அவ்வளவு தள்ளியிருக்கும் இடத்திலிருந்து நெம்பப்படுகிறது. கணுக்காலும் முழங்காலும் அதை உணரும், நாள் முழுக்க அப்படிச் சறுக்கினால் மாலையில் முழங்காலின் உள்பக்கம் வலிக்கும். இதற்கு மருந்து பலம் இல்லை, நேரம். திருப்பத்தைப் பழைய ஸ்கீயைவிட முன்கூட்டியே தொடங்க வேண்டும், உள்பக்கக் காலின் சுண்டுவிரல் பக்கத்தை முதலில் சாய்த்தால் வெளிக்கால் தானாகப் பின்தொடரும். கால்களுக்கு நடுவே இன்னும் கொஞ்சம் இடைவெளியும் வேண்டும், இல்லையென்றால் ஒரு ஸ்கீ இன்னொன்றின் மேல் ஏறும். முழங்காலை உள்ளே தள்ளி வலுக்கட்டாயமாக எட்ஜ் போடாதீர்கள், நீண்டகால நோக்கில் அது நல்லதல்ல.

பவுடரில் நடப்பது நேர் எதிர். ஒல்லி ஸ்கீயில் ஆழமான பனியில் எடையைக் குதிகாலுக்குக் கொண்டுபோய், இரண்டு காலையும் ஒட்டி வைத்து, எம்பி எம்பித் திரும்பக் கற்றிருப்போம், தொடை எரியும், அதுதான் பவுடர் என்று நினைத்திருப்போம். அகல ஸ்கீ தானாகவே மிதக்கிறது. குதிகாலில் சாய்ந்தால் நுனி காற்றைப் பார்த்து எழும்பி, வால் அமுங்கி, ஸ்கீ சொன்ன பேச்சைக் கேட்காது. நடுவில் நிற்க வேண்டும், கால் முன்னெலும்பு பூட்ஸின் நாக்கை எப்போதும் லேசாகத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இரண்டு காலிலும் ஏறக்குறைய சம எடை. அப்புறம் இன்னொரு சுதந்திரம் கிடைக்கிறது: ஆழமான பனியிலேயே ஸ்கீயைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டு வேகத்தைக் குறைக்கலாம். ஒல்லி ஸ்கீயில் அதைச் செய்தால் எட்ஜ் மாட்டி விழ வேண்டியதுதான்.

இந்தப் பக்கவாட்டு வழுக்கலுக்காகவே ஒருவர் ஸ்கீயின் வடிவத்தைத் தலைகீழாக யோசித்தார். அமெரிக்க ஸ்கீயர் ஷேன் மெக்காங்கி தண்ணீரில் சறுக்கும் பலகைகளில் பைண்டிங் பொருத்தி அலாஸ்கா மலைகளில் இறங்கிப் பார்த்தவர், அந்த யோசனையின் தொடர்ச்சியாக 2002இல் வோலண்ட் கம்பெனி வெளியிட்டதுதான் ஸ்பாட்சுலா. நடு அகலத்தைவிட நுனியும் வாலும் ஒல்லி, அடியிலே கேம்பர் கிடையாது, முழுக்க எதிர்ப்பக்கம் வளைந்தது. அதற்கும் முன்னால் 1980களின் இறுதியில் ஆஸ்திரியாவின் அட்டாமிக் அகல ஸ்கீயைக் கொண்டுவந்தது, ஆனால் அது பழைய வடிவத்தின் அகலமான பதிப்புதான். இன்று நம் காலில் இருக்கும் ராக்கர் மெக்காங்கி தொடங்கி வைத்தது. 2009இல் இத்தாலியின் டோலமைட் மலையில் அவர் இறந்தார். ஒவ்வொரு ஆழமான பனிநாளிலும் நான் அவருக்கு நன்றி சொல்கிறேன், உண்மையாகவே.

இப்போது பைண்டிங். டெமோ பைண்டிங் தண்டவாளத்தில் நகரும், முன்பகுதியையும் குதிகால் பகுதியையும் ஒரே அளவு நகர்த்தினால் பூட்ஸின் நடு இடம் மாறும். நகர்த்திய பிறகு குதிகால் பகுதி பூட்ஸை முன்னோக்கி அழுத்தும் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும், அதில் தவறினால் விழும்போது பூட்ஸ் கழல வேண்டிய நேரத்தில் கழலாது அல்லது கழலக்கூடாத நேரத்தில் கழன்றுவிடும். சந்தேகம் இருந்தால் கடையில் காட்டிவிடுங்கள்.

தொடக்கத்தில், அதாவது உடம்பு இன்னும் பின்னால் சாய்ந்துகொண்டிருந்த காலத்தில், கோட்டுக்கு 2 செ.மீ. முன்னால் வைத்தது மிக நன்றாக இருந்தது. ஸ்கீ சின்னதாகிவிட்டது போல, தொட்டால் திரும்பியது. காரணம் புரிந்துகொள்ள வேண்டியது: பின்னால் நிற்பவரைப் பைண்டிங்கே முன்னால் நகர்த்திக்கொண்டுபோய் ஸ்கீயின் நடுவில் நிறுத்துகிறது. ஆனால் நிற்கும் முறை சரியாகி, முன்னெலும்பு பூட்ஸை அழுத்தத் தொடங்கியதும் அதே 2 செ.மீ. பிரச்சினையானது. கிரோரோவில் தொடையளவு புதுப்பனி விழுந்த நாளில் நுனி கீழே இழுத்தது, அதைத் தடுக்கத் திரும்பவும் குதிகாலுக்குப் போக வேண்டியிருந்தது, தொடை எரிச்சலும் திரும்பி வந்தது. முன்னால் தள்ளிய பைண்டிங் பழைய பழக்கத்தைக் காப்பாற்றிக் கொடுக்கிறது, ஆழமான பனியில் அதையே திரும்பக் கேட்கிறது.

1 செ.மீ. முன்னால் என்பது ருசுட்சு காடுகளில், முழங்காலளவு பனியில், மரங்களுக்கு நடுவே மெதுவாகப் போகும்போது மிக இனிமையான இடம். வால் நீண்டு தெரிந்தாலும் அது வளைந்து எழுந்திருப்பதால் மாட்டவில்லை. கோட்டிலேயே வைத்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கும், எதிலும் குறை சொல்ல முடியாது, வெட்டுப்பட்டுக் குதறிய மதியப் பனியில் இதுதான் மிகவும் நிதானமானது. ஒரே ஒரு ஸ்கீதான் வைத்திருக்கிறீர்கள் என்றால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம், கோட்டில் பொருத்துங்கள்.

நான் கடைசியில் நின்றது கோட்டுக்கு 1 செ.மீ. பின்னால்.

இதற்கு ஹொக்கைடோதான் காரணம். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்ந்த வறண்ட காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை ஏற்றிக்கொண்டு வந்து இங்கே மலைகளில் கொட்டுகிறது, ஜனவரியில் பல நாட்கள் நிற்காமல் பெய்யும், பனி லேசாக இருக்கும். ஆனால் சரிவுகள் பெரும்பாலும் மிதமானவை. நிசெக்கோ அன்னுபுரியே 1308 மீட்டர்தான், உச்சியைவிட்டுக் கீழே வந்தால் தகேகன்பா என்று இங்கே சொல்லும் பிர்ச் மரங்களுக்கு நடுவே நீண்ட சாய்வு. செங்குத்தான மலையில் வேகம்தான் ஸ்கீயைத் தூக்கிவிடும், இங்கே வேகம் கிடைப்பதில்லை, ஆழம் கிடைக்கிறது. வேகம் குறைவாக இருக்கும்போது நுனியை மேலே வைத்திருப்பது அதற்கு முன்னால் இருக்கும் பரப்பளவுதான். இடுப்பளவு பனியில் சமதளத்தில் நின்றுவிட்டால் கைத்தடியை ஊன்றினாலும் அது முழுசாக உள்ளே போய்விடும், வெளியே வருவதற்குள் உயிர் போய் உயிர் வரும். (பெரிய வட்டம் வைத்த கைத்தடி வாங்குங்கள், இந்த ஊரில் ஸ்கீக்கு அடுத்த முக்கியமான செலவு அது.) அந்த 1 செ.மீ.யில் சமதளங்களை நின்றுவிடாமல் கடப்பது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு எளிதானது.

விலை உண்டு. தெய்னேயின் கெட்டிப்பனியில் திருப்பம் சோம்பலாகத் தொடங்குகிறது, முடிவில் வால் தரும் ஊன்றுதலும் குறைவு. நெருக்கமான மரங்களில் ஒரு நொடி முன்னதாகவே முடிவெடுக்க வேண்டும். எனக்கு அது பரவாயில்லை, கெட்டிப்பனிக்கு 88 இன்னும் இருக்கிறது, மழை பெய்து உறைந்த நாட்களில் 116ஐ நான் வண்டியிலிருந்து இறக்குவதே இல்லை. செங்குத்தான மலைகளில், வேகமாகப் போகிறவராக இருந்தால் கோடு அல்லது அரை செ.மீ. முன்னால் உங்களுக்குச் சரியாக இருக்கலாம்.

இடத்தைச் சோதிக்கும்போது ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிப் பார்ப்பதில் அர்த்தமில்லை, காலையும் மதியமும் பனியே வேறு. ஒரு இடத்தில் கெட்டி, பவுடர், குதறிய பனி மூன்றையும் பார்த்த பிறகே அடுத்ததுக்குப் போங்கள். பூட்ஸை மாற்றினால் கணக்கு மறுபடியும் தொடங்கும். பூட்ஸின் முன்சாய்வு, பைண்டிங்கில் குதிகாலுக்கும் விரலுக்கும் உள்ள உயர வித்தியாசம் இரண்டும் உங்களை முன்னாலோ பின்னாலோ சாய்க்கும், அதைக் கோட்டின் குறை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

இடம் உறுதியானதும் டெமோ பைண்டிங்கை எடுத்துவிட்டுச் சாதாரண பைண்டிங் போட்டேன். டெமோ கனம் அதிகம், காலைக் கொஞ்சம் உயர்த்துகிறது, போகப்போக லேசான ஆட்டமும் வந்தது. புதுத் துளை பழைய துளையிலிருந்து சுமாராக 1 செ.மீ.யாவது தள்ளியிருக்க வேண்டும், அதனால் புது பைண்டிங்கின் துளை வரைபடத்தைத் தாளில் எடுத்து ஸ்கீயின் மேல் வைத்துப் பார்த்த பிறகே வாங்குங்கள். பழைய துளைகளை அடைப்பானும் பசையும் வைத்து மூட வேண்டும், தண்ணீர் உள்ளே போனால் மரம் ஊறி அழுகும். உலோகத் தகடு இல்லாத ஸ்கீக்கு 3.6 மி.மீ. துளைப்பான், தகடு இருந்தால் பொதுவாக 4.1, ஆழம் 9 மி.மீ. ஸ்கீயின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள், அதைத்தான் பின்பற்ற வேண்டும். எதிர்காலத்தில் இன்னும் நகர்த்த நினைப்பவர்கள் உலோகத் திருகுக்கூடு பதிக்கலாம், ஒரே துளையில் எத்தனை முறை வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். கழலும் விசையை மட்டும் பழகிய தொழில்நுட்பக்காரரிடம் விட்டுவிடுங்கள். எடை, உயரம், வயது, சறுக்கும் விதம், பூட்ஸின் அடிநீளம் எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

பிரேக் அகலமும் கேட்பார்கள். 116க்கு 120 மி.மீ. பிரேக் போதும், 130ஐத் தாண்டினால் கெட்டிப்பனியில் சாய்க்கும்போது பிரேக்கின் கைகள் பனியில் உரசும், இரண்டு ஸ்கீயின் பிரேக்குகள் ஒன்றோடொன்று மாட்டவும் செய்யும். ஆழமான பனியில் ஸ்கீ கழன்றால் பிரேக் அதைக் கண்டுபிடித்துத் தராது, அதற்கு ஸ்கீயில் பொருத்தும் நீளமான பளிச்சென்ற நிற நாடா வேண்டும். கிரோரோவில் நானும் நண்பரும் ஒரு ஸ்கீக்காகப் பனியைக் குத்திக் குத்தித் தேடியே ஒரு மதியத்தைச் செலவழித்திருக்கிறோம். அன்றிலிருந்து ஜனவரி, பிப்ரவரியில் நாடா இல்லாமல் நான் லிஃப்ட் ஏறுவதில்லை.