துணியா, விரல் பிரஷ்ஷா, குட்டி பிரஷ்ஷா? பல் முளைக்கும் குழந்தைக்கு எது சரிப்பட்டது

என் மகளுக்கு ஆறு மாதம் முடியும் நேரத்தில் கீழ்வரிசையில் முதல் பல் எட்டிப் பார்த்தது. அதற்கு முன்பே வீட்டில் மூன்று சாமான்கள் தயாராக இருந்தன: சின்னதாக வெட்டி வைத்த மெல்லிய பருத்தித் துணிகள், விரலில் தொப்பி மாதிரி மாட்டிக்கொள்ளும் சிலிக்கான் பிரஷ், தலைப்பகுதி குட்டியாக இருக்கும் சாதாரண பிரஷ். இப்போது அவளுக்குப் பதினான்கு மாதம். மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகு தினமும் கைக்கு வருவது குட்டி பிரஷ்தான். அதனால் இது நடுநிலையான ஒப்பீடு என்று நினைத்து யாரும் படிக்க வேண்டாம்.

துணியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பல்லே வராத வாய்க்கு அதுதான் போதும். கையை நன்றாகக் கழுவிவிட்டு, சுட்டுவிரலில் சுற்றி, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் நனைத்து, பால் குடித்த பிறகு ஈறு மேலே ஒரு தடவை துடைத்தால் முடிந்தது. ஈறு வீங்கி நமநமக்கும் நாட்களில் அந்த லேசான அழுத்தமே அவளுக்குச் சுகமாக இருந்தது, அழுகையை நிறுத்திவிட்டு என் விரலையே சப்ப ஆரம்பித்துவிடுவாள். ஆனால் பல் வந்த பிறகு துணி பல்லின் முன்பக்கத்தை மட்டும் பளபளப்பாக்கிவிட்டு, பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் இருக்கும் வெள்ளைப் படிவை அப்படியே விட்டுவிடுகிறது. சொத்தை பெரும்பாலும் ஆரம்பிப்பது அந்த ஓரத்தில்தான்.

விரல் பிரஷ்ஷை முதலில் பார்த்தபோது இதுதான் சரியான விடை என்று தோன்றியது. மெத்தென்று இருக்கும், குத்தாது, குழந்தைக்கும் பிடிக்கும், நமக்கும் எங்கே தேய்க்கிறோம் என்று விரலிலேயே தெரியும். குறை இரண்டு. அதன் முட்கள் தடியாக இருப்பதால் ஈறோரத்துக்குள் இறங்காது, தடவிக் கொடுக்குமே தவிர தேய்க்காது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என்னைக் கைவிட வைத்தது இரண்டாவது குறை, பராமரிப்பு.

தினமும் கழுவித்தான் வைத்தேன். ஒரு நாள் ஏதோ சந்தேகம் வந்து அதை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிப் பார்த்தால், விரல் நுழையும் குழிக்குள் வழவழவென்று ஒரு படலம். முட்களின் அடியிலும் அதே கதை. வெளியே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே ஈரம் தங்கிவிடுகிறது, குழாய்த் தண்ணீரில் காட்டி எடுப்பதெல்லாம் உள்ளே போவதே இல்லை. அப்புறம் ஒவ்வொரு தடவையும் திருப்பி, சோப்புப் போட்டுக் கழுவி, கொதிதண்ணீரில் போட்டு, கவிழ்த்துக் காயவைத்து, மறுபடி நேராக்கி... ஒரு நாளைக்கு இரண்டு தடவை இதைச் செய்ய வேண்டும் என்றால், தூக்கம் கெட்டுக் கிடக்கும் ராத்திரியில் தேய்க்கும் வேலையே தட்டிப்போகும். எங்கள் வீட்டில் தட்டிப்போனது. தேய்க்க வேண்டியது பத்து பல் கூட இல்லை, அதைத் தேய்க்கும் சாமானுக்குக் கால் மணி நேரம்! ஒன்பதாவது மாதம் மேல்வரிசையிலும் பல் வந்ததும் கடி பலமாகிவிட்டது. ஒரு காலையில் பிரஷ்ஷின் நுனியில் கத்தியால் கீறின மாதிரி ஒரு வெட்டு தெரிந்தது. அந்தத் துண்டு பிய்ந்து தொண்டைக்குள் போயிருந்தால் என்று நினைத்ததும் குப்பையில் போட்டுவிட்டேன். மேலும் கீழும் பல் இருக்கும் குழந்தைக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

குட்டி பிரஷ்ஷை எடுக்க எனக்குக் கடைசியாகத்தான் துணிச்சல் வந்தது, ஈறு புண்ணாகிவிடுமோ என்ற பயம். மிக மிருதுவான நார் உள்ளதாக எடுத்து, அழுத்தாமல் பிடித்தால் ஒன்றும் ஆகவில்லை. குழந்தையைப் பிடித்துக்கொள்ளும் விதம்தான் முக்கியம். மகளை எதிரே உட்கார வைத்துத் தேய்த்தவரை தினமும் மல்யுத்தம். தலை என் மடியில் இருக்கும்படி மல்லாக்கப் படுக்க வைத்து, மேல் உதட்டை ஒரு விரலால் தூக்கிப் பிடித்ததும் எல்லாப் பல்லும் தெரிந்தது, வேலை அரை நிமிடத்தில் முடிந்தது. உதட்டைத் தூக்கும்போதே மேல் முன்பற்களின் ஈறோரத்தில் சுண்ணாம்புக் கோடு மாதிரி வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். அது சொத்தையின் முதல் அறிகுறி, பல் மருத்துவரிடம் காட்ட வேண்டியது.

ஃபுளோரைடு பேஸ்ட்டை முதல் பல்லிலிருந்தே அரிசி மணி அளவுக்குத் தடவலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2014-லேயே சொல்லிவிட்டது. துப்பத் தெரியாத வயது என்பதால்தான் அவ்வளவு குறைந்த அளவு. மிச்சத்தைத் துடைக்கத் துணி மறுபடி உதவுகிறது. ஒரு வேளையாவது தவறக்கூடாது என்றால் அது ராத்திரி வேளை, தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்துவிடுவதால் பல்லில் ஒட்டினது அலசப்படாமல் கிடக்கும்.

பராமரிப்பு? ஓடும் தண்ணீரில் அலசி, உதறி, மூடி போடாமல் நிமிர்த்தி வைத்தால் காய்ந்துவிடும். அவ்வளவுதான். கொதிதண்ணீரில் மட்டும் போடாதீர்கள், நார் வளைந்துவிடும். இதற்கும் ஒரு தொல்லை உண்டு: மூன்று மாதம் வரவேண்டிய பிரஷ்ஷைக் குழந்தை கடித்தே மூன்று வாரத்தில் துடைப்பமாக்கிவிடும். அதனால் இரண்டு வைத்திருக்கிறோம். ஒன்று அவள் உட்கார்ந்தபடி என் கண் முன்னால் கடிக்க, இன்னொன்று நிஜமாகத் தேய்க்க. செலவு இரட்டிப்பு என்பதை மறைக்கவில்லை.

புதுப் பல் முட்டிக்கொண்டு வரும் இடத்தில் மட்டும் பிரஷ்ஷை ஓட்டுவதில்லை, அங்கே துணி, மற்ற பல்லுக்கு பிரஷ். வலிக்கு மரத்துப்போகும் ஜெல் வேண்டவே வேண்டாம். பென்சோகைன் கலந்தவை ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதைக் கெடுத்துவிடக்கூடும் என்பதால், இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-ல் எச்சரித்தது. அப்புறம், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் என்றால் பல்லின் மேல் பழியைப் போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

ஒரே குழந்தையை வைத்துத்தான் இவ்வளவும் சொல்கிறேன். பேட்டரியில் ஓடும் பிரஷ் நான் தொட்டதில்லை. கடைவாய்ப் பல் இப்போதுதான் ஈறைத் தூக்கிக்கொண்டு வருகிறது, அதன் மேல் பள்ளங்களுக்குள் துணி நுழையாது என்பது நிச்சயம், ஆனால் அவ்வளவு உள்ளே பிரஷ்ஷை விட மகள் வாயைத் திறந்து தருவாளா என்பது அடுத்த மாதம்தான் தெரியும்.