சுங்கை சிப்புட்டில் 'மயக்க டாக்டர்' விற்கும் மாடி ஆபீஸ்: ஐந்துக்கு இரண்டு

இங்கே மலேசியாவில் தங்கச்சி ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டு வீட்டில் இருந்த நேரம், சுங்கை சிப்புட் கடைவீதியில் ஒரு மாடியில் இருக்கும், இந்தியாவில் படிக்க ஆள் சேர்க்கும் கல்வி ஆலோசனை நிலையத்துக்கு அப்பாவோடு போனோம். பெயர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்ததும் மைலோ வந்தது. விசா, விடுதி எல்லாம் பொறுமையாக விளக்கினார்கள். இந்தியாவில் சேர ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். மட்டும் போதாது, பன்னிரண்டாம் வகுப்புக்கு ஈடாக எஸ்.டி.பி.எம். மாதிரி ஒன்று வேண்டும் என்று சொன்னதும் சரிதான்.

அப்புறம் அங்கிருந்த ஆலோசகர் அனஸ்தீசியா டெக்னாலஜி (மயக்க மருந்துத் தொழில்நுட்பம்) பி.எஸ்சி. தாளை எடுத்து நீட்டி, "அங்கிள், நாலு வருஷத்துல உங்க மக மயக்க டாக்டர்" என்றார். வாழ்க்கை முழுக்கத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிய மனிதர், டாக்டர் என்ற சொல்லைக் கேட்டே மயங்கிவிட்டார், ஊசி தேவைப்படவில்லை. அங்கேயே 500 ரிங்கிட் பதிவுக் கட்டணம்.

அன்று இரவு, இதே படிப்பை முடித்துவிட்டுத் தமிழ்நாட்டில் ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்யும் மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டோம். சிரித்தார். "டாக்டர்னா எம்.பி.பி.எஸ். முடிச்சு, மேல எம்.டி. படிக்கணும். நான் அவங்க பக்கத்துல நிக்கிறவன்." மூன்று வருடம் வகுப்பு, ஒரு வருடம் பயிற்சி. முதல் நோயாளி வருவதற்கு முன்னாலேயே இயந்திரத்தில் கசிவு உண்டா, சிலிண்டரில் ஆக்ஸிஜன் எவ்வளவு, தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப் கருவியின் விளக்கு எரிகிறதா என்று பார்த்து வைப்பது அவர் வேலையாம். நைட் டியூட்டி, தியேட்டர் காலி, கேமராவைத் திருப்பி சோடா லைம் டப்பாவைக் காட்டினார்: பாதி வெள்ளை, பாதி ஊதா. நோயாளி வெளிவிடும் கரியமில வாயுவை உறிஞ்சி உறிஞ்சி ஊதாவாகும், ஆனால் சும்மா கிடந்தால் மறுபடி வெள்ளையாகி நல்லது மாதிரி நடிக்கும், அதை நம்பிவிடக் கூடாது என்றார். அதைப் பார்த்த பிறகுதான் தங்கச்சிக்கு ஆசை இன்னும் கூடியது.

அதனால் படிப்பைக் குறை சொல்லவில்லை. இங்கே அரசாங்க மருத்துவமனையில் இந்த வேலையை எம்.ஏ. எனப்படும் மருத்துவ உதவியாளர்களும் கூடுதல் பயிற்சி பெற்ற தாதியரும்தான் செய்கிறார்கள், எம்.ஏ. ஆக இங்கேயே மூன்று வருட டிப்ளோமா இருக்கிறது. "பட்டத்தோட திரும்பி வந்தா எந்தப் பதவிக்கு மனு போடறது, அங்கீகாரம் இருக்கா?" என்று மறுநாள் போய்க் கேட்டால், "அதெல்லாம் அப்ப பார்த்துக்கலாம்ணே" என்கிறார் அந்த ஆலோசகர். காசைத் திருப்பிக் கேட்டதற்கும் அதே பதில்.

மைலோவுக்கு ஒன்று, விசா விளக்கத்துக்கு ஒன்று. 500 ரிங்கிட் கைக்கு வந்தால் மூன்றாவது நட்சத்திரம் போடுகிறேன்.