ஜன்னல் கண்ணாடியில் கருப்புக் கோடா? ஐபிஏ வாங்கலாம், ஆனால் பீடிங்கையும் பாருங்கள்

மேற்குப் பார்த்த அலுமினிய ஜன்னலில், கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையில் செருகியிருக்கும் ரப்பர் பட்டையான பீடிங் ஓரத்திலிருந்து வழிந்திருக்கும் கருப்புக் கோடுகளுக்கு முதலில் வாங்க வேண்டியது ஐபிஏ எனப்படும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மருந்துக் கடையில் இல்லையென்றால் லேப் கெமிக்கல் கடையில் கேளுங்கள். 70 சதவீதமே போதும். சானிடைசரும் ஆல்கஹால்தானே என்று அதை எடுக்க வேண்டாம், அதிலுள்ள கிளிசரின் கண்ணாடியில் மங்கலாகப் படியும். கண்ணாடி துடைக்கும் நீல ஸ்ப்ரே தூசிக்கு நல்லது. இந்தக் கறையை இழுவி விடுமே தவிர எடுக்காது.

காரணம், இது வெறும் அழுக்கு இல்லை. ரப்பர் என்று சொன்னாலும் மலிவான பீடிங் பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக். அதை வளையும்படி வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் கத்திரி வெயிலில் மெல்லக் கசிகிறது. கருப்பு நிறத்துக்குச் சேர்த்த கார்பனும் கூடவே இறங்கி, மழைத் தண்ணீரோடு வழிந்து ஒட்டிக்கொள்கிறது. பீடிங்கைத் தேய்த்த விரல் கருத்தால் சந்தேகமே வேண்டாம். வெள்ளைப் படலம் வேறு சமாச்சாரம்: அது போர் தண்ணீர் உப்பு. வினிகர்தான் கேட்கும், ஐபிஏ கேட்காது.

கண்ணாடி சூடேறாத காலை நேரத்தில் தொடங்குங்கள். முதலில் சோப்புத் தண்ணீரால் தூசியைக் கழுவிவிட வேண்டும். மதுரை மேலூர்ப் பக்கம் கிரானைட் தூசி படியும் வீடுகளில் இதைத் தவிர்க்கவே கூடாது. அதிலுள்ள குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினம், காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். பிறகு பருத்தித் துணியை ஐபிஏவில் நனைத்து, கறைமேல் ஒரு நிமிடம் அழுத்தி வைத்துத் துடையுங்கள். நேராகத் தெளித்தால் கறை இளகும் முன் ஆவியாகிவிடும். துணியை மடித்து மடித்துச் சுத்தமான பக்கத்தால் துடைக்காவிட்டால் கருப்பு இடம் மாறுமே தவிரப் போகாது. 4க்கு 4 அடி ஜன்னலுக்கு 100 மில்லி தாராளம். சுலபமாகத் தீப்பிடிக்கும் சரக்கு. பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.

அதற்கும் மசியாத பழைய கறைக்கு டர்பென்டைன் கொஞ்சம், கண்ணாடியில் மட்டும். அதன் எண்ணெய்ப் பசை போகப் பாத்திரம் கழுவும் சோப்பு. பிளேடு போடுவதென்றால் ஈரக் கண்ணாடியில் சாய்த்துப் பிடித்து. சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால் பிளேடே கூடாது. தின்னர் சட்டத்தின் மேலுள்ள பெயின்ட் பூச்சான பவுடர் கோட்டிங்கைக் கெடுக்கும், பாத்ரூம் ஆசிட் அலுமினியத்தை அரிக்கும்.

இவ்வளவும் செய்து அதே பீடிங்கை விட்டுவைத்தால் அடுத்த மழைக்கே கோடு திரும்பும். மாற்றுவதானால் ஈபிடிஎம் ரப்பர்தான் வெயில் தாங்கும். கடையில் அந்தப் பெயரைச் சொல்லி பிவிசியைக் கொடுத்துவிடுவதும் உண்டு. துண்டு ஒன்றில் சூடான ஊசியை வைத்துப் பாருங்கள்: பிவிசி உருகும், ஈபிடிஎம் உருகாது. 4க்கு 4 அடியில் இரண்டு கதவு ஸ்லைடிங் என்றால் உள்ளும் வெளியுமாக 48 அடி வேண்டும். 50 அடியாக வாங்கி, ஒவ்வொரு 4 அடிக்கும் ஒரு அங்குலம் கூடுதலாக வெட்டி நெருக்கிச் செருகச் சொல்லுங்கள். இழுத்துப் பொருத்தினால் சில மாதத்தில் சுருங்கி மூலையில் இடைவெளி விடும், மழை உள்ளே வரும். டர்பென்டைன் வேலை எல்லாம் புது பீடிங் போடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அது பட்டால் ஈபிடிஎம் உப்பிவிடும். ஐபிஏ பட்டால் ஒன்றும் ஆகாது.