பழைய சம்மிக்ரானை மாற்றலாமா? இரண்டு வாரம் இரண்டையும் வைத்துப் பார்த்தேன்

என்னிடம் இருப்பது லைக்கா கேமராவுக்கான சம்மிக்ரான் 50 மி.மீ. எஃப்/2 லென்ஸ், குழலை உள்ளே தள்ளி வைக்கக்கூடிய பழைய மாடல், 1953-ல் வந்த வடிவம். இதைக் கொடுத்துவிட்டு 1994-ல் வந்த, ஹுட் (பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்கும் முன்மூடாக்கு) சேர்ந்தே இருக்கும் சம்மிக்ரானுக்குப் போய்விடலாமா என்று ஒரு வருஷமாக இழுபறி. நண்பர் ஒருவர் என் புலம்பல் தாங்காமல் தன்னுடையதையே இரண்டு வாரத்துக்குக் கொடுத்துவிட்டார்.

முதல் நாளே பழைய லென்ஸ் மண்ணைக் கவ்வியது. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்த ஒருவரை எஃப்/2-ல், அதாவது லென்ஸின் திறப்பை (அபெர்ச்சர்) முழுக்கத் திறந்து, இரண்டிலும் எடுத்தேன். புதியதில் கறுப்புச் சட்டை கறுப்பாகவே இருந்தது. என்னுடையதில் அது சாம்பல் நிறம், முகத்தின் மேல் பால் ஊற்றின மாதிரி ஒரு மூட்டம். இந்த மூட்டத்தைத்தான் 'பழைய லென்ஸின் தனி அழகு' என்று இத்தனை வருஷமாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

அன்று ராத்திரி லென்ஸைக் கழற்றி, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து சாய்வாக டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகப் பார்த்தேன். அபெர்ச்சர் இதழ்களுக்குப் பக்கத்துக் கண்ணாடியில், கண்ணாடியில் வாய்வைத்து ஊதினால் படியுமே, அப்படி ஒரு படலம். வாங்கும்போது விற்றவர் 'கண்ணாடி சுத்தம்' என்றார். பொய் சொல்லவில்லை, பகல் வெளிச்சத்தில் சாதாரணமாகப் பார்த்தால் சுத்தம்தான். ஃபோகஸ் திருகில் போடும் கிரீஸும் எண்ணெயும் பல வருஷங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி உள்ளே படிவதால் வருவது இது. சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை, கண்ணாடி மேல் பூசியிருக்கும் கோட்டிங்கை அரித்துவிட்டதென்றால் துடைத்தாலும் தடம் போகாது. நல்லவேளை, எனக்கு வெறும் படலம்தான். முன் கண்ணாடியில் மெல்லிய கீறல்களும் நிறைய இருந்தன. இந்த மாடலின் முன் கோட்டிங் மென்மையானது, யாரோ சட்டை நுனியால் துடைத்துத் துடைத்தே கீறியிருக்கிறார்கள்.

சரி, விற்பதற்கு முன்னால் ஒரு தடவை சுத்தம் செய்துவிடலாம் என்று பிரித்துத் துடைத்துப் புது கிரீஸ் போடக் கொடுத்தேன். திரும்பி வந்ததும் அதே ஜன்னல், அதே ஆள், அதே சட்டை. மூட்டத்தில் பெரும்பகுதி போயிருந்தது. முழுக்கப் போகவில்லை, அந்தக் காலக் கோட்டிங்கும் அந்தக் கீறல்களும் இருக்கும்வரை எதிர்வெளிச்சத்தில் புதியதுதான் ஜெயிக்கும். ஆனால் ஒரு ஹுட்டை மாட்டினதும் வித்தியாசம் இன்னும் சுருங்கிவிட்டது. பழைய லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஹுட் இல்லாமல் எடுத்துவிட்டுக் குறை சொல்வதை இனிமேல் நான் நம்பப் போவதில்லை, நானே அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

கூர்மை? எஃப்/5.6-ல் எடுத்த படங்களின் பெயரை மாற்றித் தரச் சொல்லி, எது எதுவென்று ஊகித்தேன். பாதிக்குப் பாதி தப்பு. எஃப்/2-ல் மட்டும் ஓரங்களைப் பார்த்தால் புதியது எதுவென்று உடனே தெரிகிறது. முகத்தை ஓரத்தில் வைத்து எடுப்பவர் என்றால் கவலைப்படுங்கள்.

இன்னொன்று. படம் மென்மையாக வருகிறதென்று லென்ஸைத் திட்டும் முன் கேமராவின் ரேஞ்ச்ஃபைண்டர் (இரண்டு பிம்பங்களை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்யும் அமைப்பு) சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸை இன்ஃபினிட்டியில், அதாவது மிகத் தூரத்துக்கான ஃபோகஸில், வைத்து, தூரத்தில் இருக்கும் ஒரு கோபுர உச்சியையோ நிலாவையோ பார்த்தால் இரண்டு பிம்பமும் ஒன்றாகச் சேர வேண்டும். டிஜிட்டல் பாடியில் லைவ் வியூ (திரையிலேயே பார்த்து ஃபோகஸ் செய்யும் வசதி) இருந்தால் இன்னும் சுலபம்: பெரிதாக்கி ஃபோகஸ் செய்தால் பளிச்சென்று வந்து, ரேஞ்ச்ஃபைண்டரில் செய்தால் மட்டும் தவறுகிறது என்றால் லென்ஸ் மேல் குற்றமில்லை. அப்புறம், டிஜிட்டல் பாடியில் இந்த லென்ஸின் குழலை உள்ளே தள்ளாதீர்கள், வெளியே இழுத்த நிலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

புதியதற்கு உண்மையான பலம் எங்கே என்றால், கிட்டத்தில். பழையது 1 மீட்டரோடு நின்றுவிடும், அந்தத் தூரத்தில் படத்துக்குள் வருவது சுமார் 40-க்கு 60 செ.மீ. பரப்பு. புதியது 0.7 மீட்டர் வரை போகும், பரப்பு ஏறக்குறைய 28-க்கு 42 செ.மீ. ஆகச் சுருங்கும். எண்ணில் பார்த்தால் வெறும் 30 செ.மீ. வித்தியாசம். ஒரு முகத்தை ஃபிரேம் நிறைய எடுக்க நினைக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். இதை எந்தச் சுத்தம் செய்தலும் தராது.

எனவே மாற்றியே தீருவேன் என்பவர்கள் 1979-ல் வந்த சம்மிக்ரானைப் பாருங்கள். 1994 மாடலின் உள்ளே இருப்பதும் அதே 6 கண்ணாடி, 4 குழு வடிவமைப்புதான். சேர்ந்தே இருக்கும் ஹுட்டுக்காக அதிகம் கொடுப்பானேன்? போதாததற்கு, 1979 மாடலில் விரல் வைத்துத் திருப்ப ஒரு சின்ன நாக்கு உண்டு, 1994-ல் அதை எடுத்துவிட்டார்கள். ஓரம் வரை கூர்மைதான் வேண்டும் என்பவர்களுக்கு இந்த இரண்டுமே வேண்டாம், 2012-ல் அறிவித்த ஏபிஓ சம்மிக்ரானோ, வோக்ட்லேண்டர் நிறுவனத்தின் ஏபிஓ லாந்தரோ (ஏபிஓ என்றால் நிறப் பிசிறை நன்றாகக் குறைத்த வடிவமைப்பு) பக்கம் நேராகப் போய்விடுவது நல்லது. பாதி வழியில் இறங்கினால் பணமும் போகும், ஆசையும் தீராது.

நண்பரின் லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், என்னுடையதை விற்கவில்லை. மேசைக்கு எதிரே உட்காருபவரை எடுக்கும்போது மட்டும் இன்னும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்கிறேன்.