வீட்டுக்குத் தெரியாமல் டரான்டுலா வாங்கப் போகிறீர்களா? எங்களை ஏமாற்றிய கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்

ஏமாந்ததில் பாதித் தப்பு எங்களுடையது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கும் என் கூட்டாளிக்கும் அப்போது 16 வயது. இரண்டு பேரும் சேர்த்து வைத்த காசில் ஒரு டரான்டுலா (முடி அடர்ந்த பெரிய சிலந்தி) வாங்குவது, என் அலமாரியில் பழைய பாடப்புத்தகங்களுக்குப் பின்னால் வைப்பது, இரண்டு வீட்டிலும் மூச்சு விடக்கூடாது என்று திட்டம்.

விற்றவர் முதலில் எங்களைச் சட்டையே செய்யவில்லை. அப்புறம் "வீட்டில் தெரியுமா தம்பி?" என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவருக்கு அது போதும். அந்த நிமிஷத்திலிருந்து பேச்சில் ஒரு குழைவு வந்துவிட்டது. வீட்டுக்குத் தெரியாமல் வாங்குகிறவன் திரும்பி வந்து சண்டை போடமாட்டான், பெரியவர்களைக் கூட்டி வரமாட்டான், ரசீது கேட்கமாட்டான் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கணக்கு சரிதான்.

முதலில் பளபளவென்று நீல நிறத்தில் ஒன்றைக் காட்டி "இதுவும் சாதுதான்" என்றார். நல்லவேளை, விலை எங்களுக்கு எட்டவில்லை. அந்த நீலச் சிலந்தி ஆந்திரக் காட்டில் மட்டும் வாழ்வது, அழிவின் விளிம்பில் இருப்பதாக உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் பட்டியலில் உள்ளது, சாதுவும் கிடையாது. மின்னல் மாதிரி ஓடும். அந்த இனம் கடித்தால் தசைப்பிடிப்பு நாள் கணக்கில் படுத்தும் என்று பின்னாளில் படித்தபோது வயிற்றைக் கலக்கியது.

நாங்கள் வாங்கியது மெக்சிகோ சிவப்பு முட்டி என்ற டரான்டுலா இனம். "பெண்தான், இன்னும் குட்டி, 20 வருஷம் இருக்கும்" என்றார். சிவப்பு முட்டிப் பெண் சிலந்தி 20 வருஷத்துக்கு மேலும் வாழும் என்பது உண்மைதான். உண்மையான விவரத்தை எடுத்துத் தப்பான சிலந்திமேல் ஒட்டியிருந்தார், அவ்வளவுதான். அந்த இனம் 1985 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் இருக்கிறது, நாடு விட்டு நாடு போக அனுமதிப் பத்திரம் வேண்டும். நாங்கள் எந்தக் காகிதமும் கேட்கவில்லை, அவரும் வாயைத் திறக்கவில்லை.

சிலந்தியைவிட அதிகக் காசு பிடுங்கியது கூடவே தலையில் கட்டிய சாமான்கள். உயரமான கண்ணாடித் தொட்டி, அடியில் போடக் கூழாங்கல், ஏறி விளையாட ஒரு மரக்கிளை, தொட்டிக்கு அடியில் வைக்கச் சூடாக்கும் தகடு, தண்ணீர்க் கிண்ணத்தில் போட ஒரு பஞ்சு. இதில் ஒன்றுகூடத் தேவையில்லை, சொல்லப்போனால் ஒவ்வொன்றும் கெடுதல். இது தரையில் வாழும் சிலந்தி, உடம்பு கனம், வயிற்றுத் தோல் மெல்லிசு. கொஞ்ச உயரத்திலிருந்து கல்மேல் விழுந்தாலே வயிறு கிழிந்து செத்துவிடலாம். மண்ணின் மேல்மட்டத்திலிருந்து மூடிவரைக்கும் உள்ள இடைவெளி, காலை விரித்தால் வரும் நீளத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகக்கூடாது. அடியில் தேங்காய் நார்த் தூளைக் கெட்டியாக அமுக்கி நிரப்ப வேண்டும். சூடு தாங்காவிட்டால் மண்ணைத் தோண்டிக் கீழே போவதுதான் அதன் சுபாவம், நாங்களோ அந்தக் கீழ்ப்பக்கத்திலேயே தகடு வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தோம், அதுவும் துணிமணி அடைத்த அலமாரிக்குள். தீப்பிடிக்காமல் போனது யார் செய்த புண்ணியமோ. பஞ்சு நாலு நாளில் நாற ஆரம்பித்தது. ஆழமில்லாத ஒரு கிண்ணத்தில் வெறும் தண்ணீர் போதும்.

இரவில் அது தூங்கவே தூங்காது. முன்கால்களைக் கண்ணாடியில் ஒவ்வொன்றாக வைத்து, தடவித் தடவி, மூலைக்கு மூலை நடந்துகொண்டே இருக்கும். ஒருநாள் நடுராத்திரி 'டப்' என்று கேட்டது, கிளையிலிருந்து கீழே விழுந்திருந்தது. அடிபடவில்லை. சில்வண்டு போட்டால் பாதி நேரம் திரும்பிக்கூடப் பார்க்காது. "பெண் குட்டி, விளையாடுகிறது" என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

"தினமும் கையில் எடுங்கள், பழகிவிடும்" என்றும் சொல்லியிருந்தார். சிலந்தி நாய்க்குட்டி இல்லை, பழகாது, பொறுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பொறுமை போனால் பின்னங்காலால் வயிற்றைப் பரபரவென்று தேய்க்கும். அப்போது பறப்பது சுணை. அமெரிக்கக் கண்ட டரான்டுலாக்கள் பலவற்றுக்கு இதுதான் ஆயுதம், கண்ணுக்குத் தெரியாத முள் முடி. எங்கள் சிலந்தியின் வயிற்றில் வழுக்கை விழுந்திருந்ததைப் பார்த்தும் எங்களுக்கு உறைக்கவில்லை.

மூன்றாவது வாரம் என் தங்கச்சி பென்சில் தேடி அலமாரிக்குள் கையை விட்டிருக்கிறாள். தொட்டியைத் தொட்டிருக்கிறாள், மூடியில் ஒட்டியிருந்த சுணை கையில் ஏறி, அதே கையால் கண்ணையும் கசக்கிவிட்டாள். முழங்கைவரை தடிப்பு, ஒரு கண் சிவந்து வீங்கிவிட்டது. ஏதோ ஒவ்வாமை என்று அம்மா மாத்திரை கொடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அன்று இரவு முழுக்க அவள் அழுதாள். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் கண் டாக்டர் "எதையாவது தொட்டாளா?" என்று கேட்டபோதுதான் சொன்னேன். பெரிதாக்கும் கருவியில் பார்த்தால் கருவிழியில் இரண்டு முடி. இங்கிலாந்தில் ஒருவர் தொட்டியைத் துடைக்கும்போது கண்ணில் சுணை அடித்து, வாரக்கணக்கில் காரணம் தெரியாமல் அவதிப்பட்ட கதை 2010 தொடக்கத்தில் லான்செட் மருத்துவ இதழில் வந்திருக்கிறது, அதையும் பின்னால்தான் படித்தேன். தோலில் பட்டால் தேய்க்காதீர்கள், ஒட்டும் டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்துவிட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் நேராகக் கண் டாக்டரிடம் போங்கள், போய் உண்மையைச் சொல்லுங்கள். தங்கச்சிக்குக் கண் சரியாகிவிட்டது. எனக்கு வீட்டில் கிடைத்ததை இங்கே எழுத வேண்டாம்.

அப்பாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் பல வருஷமாகச் சிலந்தி வளர்ப்பவர். அவர் வந்து, கண்ணாடிக்கு வெளியிலிருந்தே டார்ச் அடித்து, "முன்காலைப் பார்" என்றார். முன்னங்கால்களின் உட்பக்கத்தில் சின்னச் சின்னக் கொக்கிகள். வாய்க்குப் பக்கத்தில் உள்ள இரண்டு குட்டைக் கால்களின் நுனி குத்துச்சண்டைக் கையுறை மாதிரி புடைத்திருந்தது. வயதுக்கு வந்த ஆண். கடைசித் தோலையும் உரித்து முடித்தது, இனி ஆயுள் சில மாதம், மிஞ்சினால் ஒன்றிரண்டு வருஷம். ராத்திரி முழுக்க நடந்தது விளையாட்டில்லை, துணை தேடி நடந்திருக்கிறது. பெண் என்று சொல்லி விற்கிறவரிடம் "உரித்த தோலைக் காட்டுங்கள்" என்று கேட்க வேண்டுமாம், பெண்ணா ஆணா என்பதை அதன் உட்புறத்தில்தான் பார்ப்பார்கள். தரமாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடு என்றார்.

விற்றவரிடம் நானும் கூட்டாளியும் போனோம். "நான் பெண் என்று சொல்லவே இல்லையே" என்றார். அப்புறம் சிரித்தபடி, "பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க தம்பி, பேசிக்கலாம்" என்றார். அப்பா போனபோது, சின்னப் பையன்களுக்குத் தான் எதுவும் விற்பதே கிடையாது என்றாராம். ரசீது இல்லை.

விற்றவர் சொன்ன இன்னொரு யோசனையையும் எழுதிவிடுகிறேன், யாராவது கேட்டு நடந்துவிடப் போகிறார்கள்: "மல்லாந்து கிடந்தால் குச்சியால் திருப்பிப் போடு." செய்யவே செய்யாதீர்கள். மல்லாந்து கிடந்தால் அது தோல் உரிக்கிறது. மணிக்கணக்கில் ஆகும், அசைத்தால் செத்துவிடலாம். உள்ளே சில்வண்டு இருந்தால் அதுவே சிலந்தியைக் கடித்துவிடும் என்பதால் முதலிலேயே எடுத்துவிட வேண்டும். உரித்து ஒரு வாரம், பத்து நாள் இரையும் போடக்கூடாது, பல் கெட்டியாக வேண்டும். சாகிற சிலந்தி நிமிர்ந்தபடிதான் இருக்கும், கால்கள் உள்ளே மடங்கும். உடம்பின் நீர் அழுத்தத்தில்தான் அது காலை நீட்டுகிறது, அழுத்தம் குறைந்தால் கை மூடுவது மாதிரி மூடிக்கொள்ளும்.

எங்களுடையது அப்படித்தான் ஒரு காலையில் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் மூடிக் கிடந்தது, இந்த முறை கூடத்து மேசைமேல், தாழ்வான தொட்டியில், எல்லோருக்கும் தெரிந்து. வாய் தண்ணீரில் படுகிற மாதிரி மெதுவாக நகர்த்தி வைத்துப் பார்த்தேன். சாயங்காலம்வரை அசையவில்லை. வாங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது.